‘படுத்து எழுந்துதான் வண்டியை எடுப்பேன்!’

தர்பூசணி அறுவடை நேரம். செய்யூர் பக்கமிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘‘சாயங்காலம் 6 மணிக்கு லோடு ஏத்தி முடிச்சோம். டிரைவர், ‘ரெண்டு மணி நேரம் படுத்து எழுந்துதான் வண்டியை எடுப்பேன்’னு சொல்லிட்டார். கோயம்பேட்டுக்கு லேட்டாப் போனா விலை போயிடுமே... அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கா?’’

இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்காக 1961-ம் ஆண்டு வந்து, 2025 வரை நடப்பில் இருந்த சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று வரம்பு வைத்தது. தொலைதூர ஓட்டத்துக்கு, அனுமதி பெற்றால், 10 மணி நேரம் வரை போகலாம் என்றது. 5 மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. ஓய்வையும் சேர்த்து 12 மணி நேரத்துக்குள் அன்றைய வேலை முடிய வேண்டும் என்றும் சொன்னது.

‘அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே?’ என்று கேட்கலாம். 5 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தவில்லை என்பது உண்மைதான். நம் பக்கம் ஒற்றை லாரி முதலாளிகள் ஏராளம். ஆனால், 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 91-வது பிரிவில், சரக்கு வண்டி ஓட்ட அமர்த்தப்பட்ட எவருக்கும் இதே நேரக் கணக்குதான் என்கிறது.

கணக்கு இருக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை. ஐரோப்பிய நாடுகளில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். வண்டியில் இருக்கும் டாகோகிராஃப் கருவி எல்லாவற்றையும் பதிவு செய்துவிடும். இங்கே பரனூர் டோல்கேட்டில் காசு பிடிக்கக் கருவி இருக்கிறது. டிரைவர் தூங்கி எத்தனை மணி நேரமாச்சு என்று பார்க்க ஒன்றும் கிடையாது!

இதில் நம் பங்கும் உண்டு. காலை 9 மணிக்கே லாரியை வரச் சொல்லிவிட்டு, வண்டி வந்த பிறகுதான் காய் பறிக்க ஆள் தேடுகிறோம். பகலெல்லாம் அனல் பறக்கும் கேபினில் டிரைவர் உட்கார்ந்திருப்பார். அது தூக்கமும் இல்லை, ஓய்வும் இல்லை. சட்டத்திலும் இங்கே ஓர் ஓட்டை உண்டு. டெர்மினலில் வெறுமனே காத்திருப்பது 15 நிமிடத்தைத் தாண்டினால் வேலை நேரத்தில் சேராது. உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியுமா என்ன?

வாசகரின் கவலைக்கு வருவோம். இரவு 8 மணிக்குக் கிளம்பினாலும் நள்ளிரவுக்குள் கோயம்பேடு போய்விடலாம். மொத்த வியாபாரம் சூடு பிடிப்பது விடியற்காலையில்தான். தர்பூசணி என்ன, கீரையா? இரண்டு மணி நேரத்தில் வாடிவிடாது.

முந்தின நாளே கூலி ஆட்களைச் சொல்லி வைத்து, காயைப் பறித்து நிழலில் குவித்துவிட்டு லாரியைக் கூப்பிடுங்கள். லோடு ஏறும் நேரத்தில் காய் எண்ணுகிற வேலையை டிரைவர் தலையில் கட்டாமல், மோட்டார் கொட்டகையில் ஒரு பாய் போட்டுக் கொடுங்கள். குட்டி யானை வண்டிக்காரருக்கும் இது பொருந்தும். லோடோடு வீட்டுப் பையனையும் கேபினில் ஏற்றி அனுப்புகிறவர்கள், வாடகை பேசும்போதே, ‘‘நேத்து ராத்திரி எங்கண்ணே ஓட்டுனீங்க?’’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.