எடைமேடைக் கணினிக்கு எந்த நுண்செயலி? வேகத்தை மட்டும் பார்த்து வாங்கலாமா?

பேராக்கில் உள்ள ஒரு செம்பனை ஆலை. மதியம் இரண்டு மணி இருக்கும். லாரிகளை நிறுக்கும் எடைமேடையின் கணினி திடீரென்று நின்றுபோனது. குலை ஏற்றி வந்த லாரிகள் ஆலை வாசலிலிருந்து சாலை வரை வரிசை பிடித்து நின்றன. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும் என்பார்கள். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். அதனால் சிறுதோட்டக்காரர்கள் பொறுமை இழந்தார்கள்.

அந்த எடைமேடையின் கிராணி என் அப்பா. “நீங்கள் எதையோ தட்டிவிட்டீர்கள்” என்று முதல் பழி அவர் மீதுதான் விழுந்தது. மாலையில் பழுதுபார்ப்பவர் வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே காற்றாடி முழுவதும் செம்பனை நாரும் பாய்லர் புகைக்கரியும் அப்பிக் கிடந்தன. நுண்செயலி சூடு தாங்காமல் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருந்தது. வாங்கி எட்டு மாதம்கூட ஆகாத கணினி அது. “கடையிலேயே இதுதான் வேகமானது” என்று சொல்லி விற்றார்களாம்.

வேகமான கணினி ஏன் நின்றது? தமிழ் படித்த எனக்கு அப்போது இதற்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆலை, தொழிற்சாலை, வாகன நிறுத்துமிடம், மளிகைக் கடைக் கல்லா, ஆலயத்தின் கண்காணிப்புக் கேமரா என்று இரவு பகலாகக் கணினி ஓடும் இடங்களுக்குப் பொறுப்பான நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பயன்படும்.

நுண்செயலி என்றால் என்ன?

கைத்தொலைபேசியில் நாம் பதிவிறக்கும் செயலி வேறு, இது வேறு. கணினியின் தாய்ப்பலகையில் உட்கார்ந்து எல்லாக் கணக்கையும் போடுகிற சதுரச் சிப்பைத்தான் நுண்செயலி என்கிறோம். கடைகளில் புராசசர் என்பார்கள். மேசைக் கணினிக்கான நுண்செயலிகளை உலகில் பெரும்பாலும் இரண்டு நிறுவனங்களே தருகின்றன. ஒன்று இண்டெல், மற்றொன்று ஏஎம்டி.

இரண்டுமே நமக்கு அந்நியமானவை அல்ல. இரண்டும் 1972-இல் பினாங்கில் ஆலை தொடங்கின. இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் தயாரிப்பு ஆலையே பினாங்கு ஆலைதான். இண்டெல் சிப்புகள் பலவற்றின் உலோக மூடியில் ‘மலாய்’ என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பதைப் பார்க்கலாம். மலேசியாவில் பொதிந்து சோதிக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. தோட்ட வீடுகளிலிருந்து தொழிற்சாலைப் பேருந்து ஏறிய நம் பெண்களின் உழைப்பும் பாயான் லெப்பாஸ் வரலாற்றில் இருக்கிறது. அங்கே உருவான சிப்பைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவும் நாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதலில் வேலையைப் பாருங்கள்

எடைமேடைக் கணினி என்ன செய்கிறது? எடைகாட்டியிலிருந்து ஓர் எண்ணை வாங்குகிறது. லாரி எண்ணோடு சேர்த்துப் பதிகிறது. ஒரு சீட்டை அச்சிடுகிறது. இதற்குப் பந்தயக் குதிரை தேவையில்லை. நாள் முழுவதும் நிற்காமல் வண்டி இழுக்கிற மாடு போதும்.

2023-இல் வெளிவந்த இண்டெல் என்100 என்ற சின்னச் சிப்பை எடுத்துக்கொள்வோம். நான்கு கோர், 6 வாட். 2015-இல் மேசைக் கணினிக்கென வந்த கோர் ஐ5-6500 என்ற 65 வாட் சிப்பு செய்த வேலையை இது ஏறக்குறைய அதே வேகத்தில் செய்துவிடும். பத்தாண்டுக்கு முன்பு ஓர் அலுவலகமே நம்பியிருந்த திறன் இன்று 6 வாட்டில் கிடைக்கிறது.

வாட் என்பது சூடு

நுண்செயலி தின்கிற மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அதனால் பெட்டியின் மீது எழுதியிருக்கும் வாட் கணக்கை முதலில் பாருங்கள்.

கோர் ஐ9-13900கே: அடிப்படை 125 வாட், முழு வேகத்தில் 253 வாட் வரை.

கோர் ஐ5-12400: அடிப்படை 65 வாட், முழு வேகத்தில் 117 வாட் வரை.

கோர் ஐ5-12500டிஇ: அடிப்படை 35 வாட்.

ஆட்டம் எக்ஸ்6000 வரிசை: 4.5 முதல் 12 வாட்.

என்100: 6 வாட்.

அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்புகள் நான்கைச் சின்னப் பெட்டிக்குள் எரியவிட்டால் எப்படி இருக்கும்? முழு வேகத்தில் ஓடும் ஐ9 அப்படித்தான். அந்தச் சூட்டை வெளியேற்றப் பெரிய காற்றாடி வேண்டும். காற்றாடி வெளிக்காற்றை இழுக்கும்போது தூசி, நார், எண்ணெய்ப் பசை எல்லாவற்றையும் சேர்த்தே இழுக்கும். அடைத்துக்கொண்டதும் சூடு ஏறும். பல மேசை நுண்செயலிகள் ஏறக்குறைய 100 பாகை செல்சியஸை எட்டியதும் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் சூடு ஏறினால் கணினி நின்றுவிடும். அப்பாவின் மேசையில் நடந்தது இதுதான்.

6 முதல் 12 வாட் சிப்புக்குக் காற்றாடியே தேவையில்லை. கணினியின் அலுமினியப் பெட்டியே வரிவரியாகச் செதுக்கப்பட்டிருக்கும். சூடு அதன் வழியாக வெளியேறும். சுழலும் பாகம் இல்லாததால் தூசி உள்ளே போக வழி குறைவு.

மின் கட்டணத்தையும் பாருங்கள். 50 வாட் வித்தியாசம் என்றாலும் 24 மணி நேரமும் ஓடினால் ஆண்டுக்கு 438 யூனிட் ஆகிறது. ஒரு கணினிக்கு இது சிறிய தொகையாகத் தெரியலாம். இருபது கணினி வைத்திருக்கும் தொழிற்சாலைக்கு அப்படி இல்லை.

எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும்?

வீட்டுக் கணினி பழுதானால் புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறோம். ஆலையில் அது எளிதல்ல. இண்டெலின் 8, 9 ஆம் தலைமுறைச் சிப்புகளுக்கு ஒரு சாக்கெட், 10, 11-க்கு வேறொன்று, 12 முதல் 14 வரை இன்னொன்று. நான்கைந்து ஆண்டு கழித்துத் தாய்ப்பலகை எரிந்தால் அதே பலகை கடையில் கிடைக்காமல் போகலாம். புதுப் பலகை என்றால் புதுச் சிப்பு, புது நினைவகம், சில வேளையில் புது விண்டோஸும் வேண்டும். எடைமேடை மென்பொருளை எழுதியவர் எங்கே இருக்கிறாரோ தெரியாது.

இதற்காகத்தான் தொழில்துறைக்கென்று தனி வரிசைகள் வருகின்றன. இண்டெலின் 12 ஆம் தலைமுறை மேசைச் சிப்புகளில் எண்ணின் கடைசியில் ‘இ’ அல்லது ‘டிஇ’ என்ற எழுத்து வந்தால், நீண்ட காலம் விநியோகிக்கப்படும் தொழில்துறை வகை என்று பொருள். ஐ5-12400-ஐயும் ஐ5-12500டிஇ-யையும் ஒப்பிட்டால் இரண்டுக்கும் ஆறு கோர்தான். டிஇ வகை வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, சூட்டைக் குறைத்து, ஆயுளைக் கூட்டுகிறது.

ஏஎம்டியும் இதையே செய்கிறது. 2018-இல் அறிமுகமான ரைசன் எம்பெடட் வி1000 வரிசையைப் பத்தாண்டு விநியோகிப்பதாக அறிவித்தது. 2023 நவம்பரில் வந்த ரைசன் எம்பெடட் 7000 வரிசைக்கு ஏழாண்டு. கடை அலமாரியில் இருக்கும் சாதாரண ரைசனுக்கு இப்படி எந்த வாக்குறுதியும் கிடையாது.

விண்டோஸ் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சாதாரண விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. கருவிகளுக்கென்று விற்கப்படும் விண்டோஸ் 10 ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை ஆதரவு உண்டு. பழைய மென்பொருளை நம்பியிருக்கும் ஆலைகள் கணினி வாங்கும்போது இதைக் கேட்டு வாங்கலாம்.

நினைவகப் பிழை

மாதக்கணக்கில் அணையாமல் ஓடும் கணினியில், நினைவகத்தில் எப்போதாவது ஓர் எழுத்து மாறிப்போவது உண்டு. 0 இருந்த இடத்தில் 1 வரும். வீட்டுக் கணினியில் ஒரு படம் கொஞ்சம் கெட்டுப்போகும், அவ்வளவுதான். எடைமேடையில் அது ஒரு சிறுதோட்டக்காரரின் கணக்காக இருக்கலாம். இதைக் கண்டுபிடித்துத் திருத்தும் நினைவகத்துக்கு இசிசி என்று பெயர். ஐ5-12500டிஇ போன்ற சிப்புகள் அதற்கேற்ற தாய்ப்பலகையில் இதை ஏற்கும். ரைசன் எம்பெடட் வி1000-உம் ஏற்கும். என்100 இசிசி நினைவகத்தை ஏற்காது. பணமும் பாதுகாப்பும் சம்பந்தப்பட்ட இடமென்றால் இசிசி கேளுங்கள்.

தொழில்துறை முத்திரை இருந்தால் போதுமா?

போதாது. நெட்வொர்க் கருவிகளுக்கும் சேமிப்புக் கருவிகளுக்கும் பரவலாகப் பயன்பட்ட இண்டெல் ஆட்டம் சி2000 வரிசையில் கடிகார சமிக்ஞைக் குறை ஒன்று இருப்பது 2017-இல் தெரியவந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவிகள் ஒன்றரை ஆண்டு கழித்து ஒரேயடியாக நின்றுபோகலாம் என்ற நிலை.

உயர்ரக மேசைச் சிப்புகளும் தப்பவில்லை. இண்டெலின் 13, 14 ஆம் தலைமுறையில் சில வகைகள் தேவைக்கு மேல் மின்னழுத்தம் பெற்று நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்டில் அதற்கான திருத்தம் வெளிவந்தது. உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. அந்தச் சிப்புகளை வைத்திருப்பவர்கள் தாய்ப்பலகையின் பயாஸைப் புதுப்பித்துவிட்டார்களா என்று பார்ப்பது நல்லது.

எந்தச் சிப்பாக இருந்தாலும் மாற்றுக் கணினி ஒன்றைத் தயாராக வைத்திருப்பதும், தரவை நாள்தோறும் நகலெடுப்பதும்தான் கடைசிப் பாதுகாப்பு.

எந்த இடத்துக்கு எது?

குளிரூட்டிய, சுத்தமான அலுவலகம் என்றால் சாதாரண ஐ3, ஐ5, ரைசன் எதுவும் போதும். கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எடைமேடை, காவல் சாவடி, கடைக் கல்லா போன்ற இடங்களுக்குக் காற்றாடி இல்லாத என்100 அல்லது ஆட்டம் பெட்டி பொருந்தும். எடைகாட்டியை நேராக இணைக்கப் பின்பக்கம் சீரியல் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குறையும் உண்டு. இவ்வகைச் சிப்புகள் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. சிப்பு போனால் பலகையையே மாற்ற வேண்டும்.

கேமராவால் பொருளைப் பார்த்துத் தரம் பிரிக்கும் இயந்திரத்துக்கு அதிகத் திறன் தேவை. அங்கே ஐ5-12500டிஇ அல்லது ரைசன் எம்பெடட் வகை பார்க்கலாம்.

வெயில் படும் வெளிப்புறப் பெட்டி, கொதிகலன் பக்கம் என்றால் விரிந்த வெப்ப வரம்புக்கு உத்தரவாதம் தரும் ஆட்டம் எக்ஸ்6000 வகைகளைக் கேளுங்கள்.

கடைக்காரரிடம் கேட்க நான்கு கேள்விகள் போதும். எத்தனை வாட்? காற்றாடி உண்டா? எத்தனை ஆண்டு வரை இதே பலகை கிடைக்கும்? எத்தனை பாகை வெப்பம் வரை தாங்கும்? இந்த நான்குக்கும் பதில் சொல்லாமல் “இதுதான் வேகமானது” என்று மட்டும் சொன்னால் வேறு கடையைப் பாருங்கள்.

அப்பாவின் ஆலையில் பிறகு காற்றாடி இல்லாத ஒரு சின்னப் பெட்டியைச் சுவரில் மாட்டினார்கள். முன்னதைவிட வேகம் குறைந்ததுதான். சீட்டு அச்சாவதில் அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நிறைய இடங்களில் கணினி வாங்குபவர் ஒருவர், அதன் முன் உட்கார்ந்து வேலை செய்பவர் வேறொருவர். தவறாக வாங்கினால் பேச்சு வாங்குவது இரண்டாமவர்தான். அடுத்த முறை உங்கள் இடத்துக்குக் கணினி வாங்கப் பேச்சு எழுந்தால், அதில் உட்காரப் போகிறவரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த அறை எவ்வளவு சூடு, எவ்வளவு தூசி என்பது அவருக்குத்தான் தெரியும்.