மொட்டை மாடியில் ஒரு வெந்நீர் அடுப்பு

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? வீட்டு மொட்டை மாடிக்கு ஒரு வேலை சொல்றேன். சோலார் வாட்டர் ஹீட்டரை நாமே செய்யலாம். பிரேசிங் தெரிஞ்ச நண்பன் ஒருத்தன் கூட இருந்தா போதும். பம்பும் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம்.

முதல்ல கணக்கு. 100 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏத்தணும். 100 × 4.18 × 28, அதாவது சுமார் 11,700 கிலோ ஜூல். மின்சார பாஷையில சொன்னா மூணேகால் யூனிட். நம்ம ஊர்ல நல்ல வெயில் நாள்ல ஒரு சதுர மீட்டர்ல சுமார் 5 யூனிட் வெப்பம் விழும். நாம செய்யற பெட்டி அதுல 40 சதவீதம் பிடிச்சாலே பெரிய விஷயம். அப்போ 2 சதுர மீட்டர் தேவை.

மேலே ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு ஒரு இன்ச் தாமிரக் குழாய்கள். இடையில அரை இன்ச் குழாய்கள் ஒன்பது. அதோட ஒட்டினாப்பல அலுமினியத் தகடு, மேலே பளபளப்பு இல்லாத கறுப்பு பெயின்ட். தகடு குழாயை இறுக்கமா தொடணும். நடுவுல இடைவெளி இருந்தா சூடு தகட்டுலயே நின்னுடும். அடியில கண்ணாடிக் கம்பளி, மேலே 4 மி.மீ. கண்ணாடி. விலை கம்மின்னு தெர்மாகோல் வைக்காதீங்க, தண்ணி ஓடாத நாள்ல உருகிடும். சாதா பி.வி.சி. குழாயும் வேண்டாம், வளைஞ்சிடும்.

பம்ப் இல்லாம தண்ணி எப்படி சுத்தும்? 27 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி 996 கிராம், 60 டிகிரியில 983 கிராம். இந்த 13 கிராம்தான் நம்ம மோட்டார்! சூடான தண்ணி லேசாகி மேலே ஏறும், டேங்க் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணி இறங்கும். இதுக்குப் பேர் தெர்மோசைஃபன். 1909-லயே அமெரிக்காவுல வில்லியம் பெய்லி டேங்கைத் தனியா பிரிச்சு, வெப்பம் போகாம மூடி வித்தார். பகல்ல காய்ஞ்ச தண்ணி மறுநாள் காலையிலும் சூடா இருந்ததே அவரோட வியாபார ரகசியம்.

டேங்கோட அடிப்பாகம் பெட்டியோட தலையைவிட ஒரு அடியாவது மேலே இருக்கணும். இல்லைன்னா ராத்திரியில ஓட்டம் தலைகீழாகி, சேர்த்த சூடெல்லாம் வானத்துக்குப் போயிடும்.

நாங்க சறுக்கினது வேற இடத்துல. மதியம் பெட்டிக்குள்ள தண்ணி கொதிக்குது, டேங்க்ல பச்சைத் தண்ணி! ரெண்டு நாள் ஃபார்முலா போட்டுப் பார்த்தோம். கடைசியில பக்கத்துத் தெரு பிளம்பர் அண்ணன் வந்து கைப்பிடிச் சுவரைக் காட்டினார். "எங்க மேடு இருக்கோ அங்க காத்து நிக்கும் தம்பி." சூடான குழாய் அந்தச் சுவரைத் தாண்டி ஏறி, கொஞ்சம் இறங்கி, அப்புறம் டேங்குக்குப் போச்சு. அந்த மேட்டுல காத்து அடைச்சிருக்கு. குழாயை ஒரே ஏத்தமா மாத்தினோம், அரை மணி நேரத்துல டேங்க் சூடேற ஆரம்பிச்சிடுச்சு.

பெட்டி தெற்கு பார்த்து இருக்கட்டும். திருச்சி, கோவைப் பக்கம் அட்சரேகை சுமார் 11 டிகிரி. வெந்நீர் அதிகம் தேவைப்படறது மார்கழியில, அப்போ சூரியன் தெற்கே சாய்ஞ்சிருக்கும். அதனால 20, 25 டிகிரி சாய்வு வைங்க.

ஒரே ஒரு விஷயத்துல விளையாடாதீங்க: டேங்க் தலையிலிருந்து மேலே போற காத்துக் குழாய். மேல்நிலைத் தொட்டியோட தண்ணி மட்டத்தைவிட உயரமா, வாய் திறந்தே இருக்கணும். அதுல வால்வு போட்டா, நீங்க செஞ்சது ஹீட்டர் இல்லை, பிரஷர் குக்கர். சித்திரை வெயில்ல தண்ணி 70 டிகிரி தாண்டலாம், தோல் வெந்துடும். குளியலறையில பச்சைத் தண்ணி லைனையும் சேர்த்தே கொடுங்க; வீட்டுல பாட்டியோ குழந்தையோ இருந்தா, பக்கெட்ல முதல்ல பச்சைத் தண்ணி, அப்புறம்தான் வெந்நீர்னு சொல்லி வைங்க.