பெட்டிக்குள் உறங்கும் வரலாறு



உங்கள் பாட்டனாரின் பாட்டனார் என்ன தொழில் செய்தார்? அவருடைய துணைவியார் எந்த ஊரிலிருந்து மணமாகி வந்தார்? இவ்வினாக்களுக்கு விடை தேடி நூலகம் சென்றால் பெரும்பாலும் வெறுங்கையுடனேயே திரும்ப நேரிடும். தமிழக முஸ்லிம்களைப் பற்றி அறிஞர்கள் எழுதாமல் விட்டுவிடவில்லை. ஆனால் எவற்றை எழுதினார்கள் என்பதையே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1921-இல் எஸ். கிருஷ்ணசாமி அய்யங்கார் எழுதிய ஆங்கில நூல் தென்னாட்டுப் படையெடுப்புகளையும் மதுரை சுல்தான்களையும் ஆராய்ந்தது. 1953-இல் இலங்கைப் பேரறிஞர் ம. மு. உவைஸ் அவர்களின் நூல், தமிழ் இலக்கியத்திற்கு முஸ்லிம்கள் அளித்த கொடையை உலகறியச் செய்தது. 1989-இல் சூசன் பெய்லி இறைநேசர்களையும் தர்காக்களையும் ஆராய்ந்தார். 1993-இல் தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் அரபுத் தமிழின் பெருமையை விரிவாக எடுத்துரைத்தார். 2004-இல் ஜெ. ராஜா முகமதுவின் நூல் சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் கடல் வணிகத்தை விளக்கியது.

அரசர், புலவர், இறைநேசர், கப்பல் வணிகர் ஆகியோர் ஏட்டில் ஏறிவிட்டனர். உள்நாட்டுச் சிற்றூர்களில் ஏர் உழுதவர், தறி நெய்தவர், தோல் பதனிட்டவர் பற்றிய ஆய்வுகளோ மிகச் சிலவே. பெண்களைப் பற்றி எழுதப்பட்டது அதனினும் குறைவு. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-லேயே நாவல் வெளியிட்டார். அவரைப் போல் அச்சேறாத பெண்மணிகள் எத்தனை பேரோ?

இக்குறைக்குக் காரணம் சான்றுகள் இருக்குமிடமே. அரசருக்குக் கல்வெட்டு உண்டு. கடல் வணிகருக்குப் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் எழுதி வைத்த ஆவணங்கள் உண்டு. குடும்பத்தின் வரலாறோ குடும்பத்தின் பெட்டியில்தான் இருக்கிறது. பழைய நிக்காஹ் பதிவேடு ஒன்றை விரித்துப் பாருங்கள். மணமக்களின் ஊர்களிலிருந்து எவ்வூர் எவ்வூருடன் சம்பந்தம் கொண்டது என்பது புலப்படும். மஹர் தொகையிலிருந்து அக்காலத்துச் செல்வ நிலையை உணரலாம். பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த கடிதங்கள் பிரிந்து வாழ்ந்த குடும்பங்களின் நிலையை உரைக்கும்.

இவற்றுள் பல அரபுத் தமிழில் எழுதப்பட்டவை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகள் கூட்டி எழுத்துகளை அமைத்துக்கொண்ட முறை அது. பள்ளிக்கூடம் செல்லாத நம் பாட்டிமார் பலர் குர்ஆன் ஓதிய பழக்கத்தால் அதனை எளிதில் படித்தனர். இன்று படிக்கத் தெரிந்தோர் அருகி வருகின்றனர். அவர்களும் மறைந்துவிட்டால் காகிதம் எஞ்சினாலும் அதன் பொருள் எஞ்சாது.

ஆகவே, வீடு வெள்ளையடிக்கும் நாளில் பழைய தாள்களைக் கிணற்றிலோ கடலிலோ விட்டுவிடாதீர்கள். கிழிந்த தாளில் ஒட்டு நாடா ஒட்டாதீர்கள்; அதன் பசையே நாளடைவில் தாளை அரித்துவிடும். ஈரமும் கறையானும் அணுகாமல் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, யாருடையது, எவ்வூரைச் சேர்ந்தது என்று குறித்து வையுங்கள். படிக்கத் தெரிந்த முதியவரை வாசிக்கச் செய்து அவர் குரலையும் பதிவு செய்யுங்கள்.

ஆய்வாளர் என்றேனும் ஒருநாள் உங்கள் வாயிலைத் தட்டுவார். அன்று அவரிடம் கொடுக்க நம்மிடம் ஏதேனும் இருக்க வேண்டாமா? நம் முன்னோர் விட்டுச் சென்ற அமானிதத்தைக் காக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.