கறுத்துப்போன குப்பியை எங்கே கொண்டுபோவது?

ஆண்டுதோறும் உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22-ஆம் நாளன்று, நீரின் பெருமையை அட்டைகளில் எழுதிச் சிறுவர் சிறுமியர் கையிலே கொடுத்து, வெயிலேறும் வரை அவர்களைத் தெருத்தெருவாக நடத்திச் சென்று, ஊர்வலம் முடிந்தபின் மூடியில்லாத தொட்டியின் ஜலத்தையே குடிக்கக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் விநோதத்தைப் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் கிராம சபைக்கென்று குறிக்கப்பட்ட ஆறு நாட்களுள் அந்நாளும் ஒன்று என்பது, உடன் நடக்கும் உபாத்தியாயர்களில் ஒருவருக்கேனும் நினைவுக்கு வருவதில்லை.

ஜலசுத்தம் கோஷத்தால் விளங்குவதன்று. வகுப்பறைக் குழாயில் தொடங்கி, குழாய் வந்த வழியே பின்னோக்கி மேல்நிலைத் தொட்டி வரை பிள்ளைகளை நடக்கவிட்டு, தொட்டி கடைசியாகக் கழுவப்பட்ட தேதி அதன் தூணில் எழுதியிருக்கிறதா, வால்வுக் குழியில் சாக்கடை தேங்குகிறதா, கழிப்பறைக் குழிக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி என்று அவர்களையே அளந்து எழுதச் சொன்னால், ஒரே காலையில் அவர்கள் அறிந்துகொள்வது ஓராண்டுப் பாடத்துக்குச் சமம். (தொட்டியின் ஏணியில் ஒரு குழந்தையும் ஏறலாகாது; அது ஊராட்சி ஊழியரின் வேலை.) தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சும் வீடுகளையும் அவர்கள் கண்டுபிடிப்பார்கள், அவ்விதம் உறிஞ்சும்போதுதான் குழாயின் விரிசல் வழியே சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது என்பதை அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு அவர்கள்தான் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது பரிசோதனை. ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி என்று வழங்கும் சிறு குப்பியில் குறித்த கோடு வரை நீரை நிரப்பி, 24 முதல் 48 மணி நேரம் அறையின் வெதுவெதுப்பில் வைத்தால், மலக்கலப்புள்ள நீர் கறுத்துவிடும். கறுத்த குப்பியைப் பிள்ளைகள் திறக்கலாகாது. பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி அப்புறப்படுத்துவது ஆசிரியர் பொறுப்பு. கறுக்கவில்லை என்பதனால் அந்நீரில் ஃபுளோரைடோ நைட்ரேட்டோ இல்லையென்று அர்த்தமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பற்களில் காவிக்கறை படிந்த பிள்ளைகளுக்கு நீரைக் காய்ச்சிக் கொடுத்தால் போதும் என்று சொல்பவர்களை இன்றும் பார்க்கிறேன். காய்ச்சினால் கிருமி சாகும்; ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம்.

குப்பி எச்சரிக்கை மாத்திரமே. அத்தாட்சி வேண்டுமானால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குப் போகவேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் பழைய கூல்டிரிங்க் பாட்டிலில் நீரைப் பிடித்துக்கொண்டு போய், முடிவையும் கெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். ரசாயனப் பரிசோதனைக்குச் சுத்தமான 2 லிட்டர் கேனை அதே நீரால் இரண்டு மூன்று முறை அலசிப் பிடிக்கவேண்டும். கிருமிப் பரிசோதனைக்கோ, ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலையே வாங்கி, குழாயைச் சில நிமிஷம் ஓடவிட்டு, பாட்டிலை அலசாமல், வாயையும் மூடியின் உட்புறத்தையும் விரல் தொடாமல் பிடித்து, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே சேர்ப்பிக்கவேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: முதலாவதை அலசவேண்டும், இரண்டாவதை அலசக்கூடாது. மாதிரி ஏற்கும் நேரத்தையும் கட்டணத்தையும் முன்னதாகவே விசாரித்துக்கொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

அறிக்கை கைக்கு வந்ததும் அதைச் சுவரில் ஒட்டிப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு முடித்துவிடுகிறார்கள். அதனால் எள்ளளவும் பிரயோஜனமில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் அதை வைத்துத் தீர்மானம் எழுதி, குழாய் இருக்கும் இடம், மாதிரி எடுத்த தேதி, அறிக்கை எண், கோரும் பரிகாரம் நான்கையும் குறித்து, பெற்றோர் கையொப்பத்துடன் கிராம சபையில் மனுவாகக் கொடுக்கவேண்டும். பிள்ளைகளுக்கு அங்கே வாக்கில்லை, பெற்றோருக்கு உண்டு. மனு இரண்டு பிரதி இருக்கட்டும். ஒன்றில் தேதியும் கையொப்பமும் முத்திரையும் பெறாமல் எழுந்து வராதீர்கள். வாய்மொழியாக “பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லும் உத்தியோகஸ்தரை நம்பி வந்தவர்கள் மறு வருஷமும் அதே ஜலத்தைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

காரியம் நகராவிடில், வட்டார வளர்ச்சி அலுவலருக்கு விரைவஞ்சலில் மனுவின் நகலையும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் இன்னொன்றையும் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை வெள்ளைத்தாளில் ஒட்டி, தொட்டி கழுவிய தேதிகளையும் குளோரின் இட்ட பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் விடை தருவது அவர்கள் கடமை. மனு வேறு அலுவலகத்துக்கு மாறிப்போயிருந்தாலும் 5 நாட்களுக்குள் உரிய இடத்துக்கு அனுப்புவதும் அவர்கள் கடமையே.