சர்வதேச அமைப்புகளைப் பயிலும் மலையகப் பட்டதாரிகளின் கவனத்துக்கு

ஆண்டுதோறும் நவம்பர் மாத இறுதியிலும் டிசம்பர் மாத முற்பகுதியிலும் ஜெனீவா நகரில் இருபது சட்ட அறிஞர்கள் கூடுகின்றனர். சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் நிபுணர் குழு என அறியப்படும் இக்குழு 1926ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. தாம் ஏற்று உறுதிப்படுத்திய தொழிற் சமவாயங்களை எவ்வாறு நடைமுறைப்படுத்துகிறோம் என்று அரசாங்கங்கள் அனுப்பிவைக்கும் அறிக்கைகளை வாசித்து, குறைகண்ட இடத்தில் கேள்வி எழுப்புவது இக்குழுவின் பணி. அந்தக் காகிதக் கட்டுகளுக்குள் இலங்கையின் பெருந்தோட்டங்களைப் பற்றிய பக்கங்களும் உண்டு. பசறையிலோ மடுல்சீமையிலோ மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் சம்பளமும் பிரசவ விடுமுறையும் குடியிருப்பும் எந்த விதிகளுக்குள் அடங்குகின்றனவோ, அந்த விதிகளைப் பற்றிய பக்கங்கள் அவை.

அப்பெண்ணின் மகனோ மகளோ இன்று பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்று, சர்வதேச உறவுகளில் முதுமாணிக் கற்கைக்கும் வந்து சேரும் காலம் இது. இத்துறைக்கு வருவோரின் தொகை இன்னும் சிறியதே. எனினும், அவ்வாறு வருபவர்கள் எதைப் படிக்கின்றனர் என்பது எம்மைச் சிந்திக்க வைக்கிறது. பாதுகாப்புச் சபையின் வீட்டோ அதிகாரம், ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டமைப்பு, உலக வர்த்தக அமைப்பின் தகராறு தீர்க்கும் முறை ஆகியன யாவும் அவசியமான பாடங்கள்தான். ஆனால், தமது பெற்றோரின் வாழ்வு எந்தச் சர்வதேச ஆவணத்தில் எந்த உறுப்புரையில் இடம்பெற்றுள்ளது என்பதை அறியாமலே ஒரு பசறை மாணவர் இக்கற்கையை முடித்து வெளியேறிவிட முடிகிறது. நாம் கலைப்பீடத்தில் பயின்ற காலத்திலும் நிலைமை இதுவே. ஐக்கிய நாடுகள் வெளியீடுகள் நூலகத்தின் ஒரு மூலையில் தூசு படிந்து கிடக்க, பரீட்சைக்கான குறிப்புகளைப் பிரதி செய்வதிலேயே எமது காலம் கழிந்தது.

1958ஆம் ஆண்டின் பெருந்தோட்டச் சமவாயத்தை இதற்கு முதல் உதாரணமாகக் கொள்ளலாம். இது சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 110ஆம் இலக்கச் சமவாயமாகும். தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே எழுதப்பட்ட இச்சமவாயத்தை உலகில் மிகச் சில நாடுகளே ஏற்றுள்ளன. தேயிலை உற்பத்தியில் பெரும் நாடான இந்தியாகூட இதனை ஏற்கவில்லை. இலங்கை 1995ஆம் ஆண்டில் ஏற்றது. சம்பளம், வாராந்த ஓய்வு, பிரசவப் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை, தொழில் பரிசோதனை, வீடமைப்பு, மருத்துவ வசதி என ஒரு தோட்டத் தொழிலாளியின் வாழ்வில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடுகிறது. பிரசவ விடுமுறை பன்னிரண்டு வாரங்களுக்குக் குறையலாகாது என்கிறது ஓர் உறுப்புரை. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளி வேலையிலிருந்து நீக்கப்பட்டால் வீட்டை விட்டு வெளியேற நியாயமான கால அவகாசம் அளிக்கப்பட வேண்டும் என்கிறது இன்னோர் உறுப்புரை.

பின்னைய உறுப்புரையைச் சற்று நிதானித்து வாசிக்க வேண்டும். வேலை போனால் வீடும் போகும் என்பதை அது மாற்றவில்லை. அவகாசத்தை மட்டுமே தருகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே லயன் அறையில் பிறந்து மடிந்த ஒரு சமூகத்துக்கு இது போதுமா என்ற கேள்வியை ஓர் ஆய்வேட்டின் தலைப்பாக எடுத்துக்கொள்வதற்கு, அந்த லயனில் வளர்ந்த மாணவரைவிடத் தகுதியுடையவர் யார்?

இச்சமவாயத்தின் கண்காணிப்பு முறையும் அறியத்தக்கது. அரசாங்கம் ஜெனீவாவுக்கு அனுப்பும் அறிக்கையின் பிரதியை நாட்டின் பிரதிநிதித்துவத் தொழிற்சங்கங்களுக்கும் முதலாளிமார் அமைப்புகளுக்கும் வழங்க வேண்டும் என்பது சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் அமைப்புவிதியிலேயே உள்ள கடப்பாடு. 110ஆம் இலக்கச் சமவாயம் போன்றவற்றுக்கு இந்த அறிக்கை முறை ஆறு ஆண்டுகளுக்கு ஒரு தடவை வருகிறது. அடிப்படைச் சமவாயங்களுக்கு மூன்று ஆண்டுகள். அரசாங்கம் கூறுவது பிழையாயின், அது பிழை என்று தொழிற்சங்கம் நேரடியாக ஜெனீவாவுக்கு எழுதலாம். பெரிய நூலாக எழுத வேண்டியதில்லை. தோட்டத்தின் பெயர், திகதி, செக்றோல் விபரம், மீறப்பட்ட உறுப்புரை ஆகியவற்றைத் தெளிவாகக் கூறும் சில பக்கங்கள் போதுமானவை. நிபுணர் குழு அதனை வாசித்தே தீரும்.

இந்த வழி தொழிற்சங்கங்களுக்கும் முதலாளிமார் அமைப்புகளுக்கும் மாத்திரமே திறந்திருக்கிறது என்பதைக் கவனத்திற் கொள்ள வேண்டும். தனியொரு மாணவரோ அரச சார்பற்ற நிறுவனமோ இக்குழுவுக்கு எழுத முடியாது. ஸ்தாபனத்தின் வருடாந்த மாநாட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு நாட்டுத் தூதுக்குழுவிலும் அரசாங்கத்தின் இருவரோடு முதலாளிமார் சார்பில் ஒருவரும் தொழிலாளர் சார்பில் ஒருவரும் வாக்குரிமையுடன் அமர்கின்றனர். வேறெந்தப் பெரிய சர்வதேச அமைப்பிலும் காண முடியாத இந்த ஏற்பாட்டின் பயனை மலையகம் எவ்வளவு தூரம் அனுபவித்துள்ளது? எமது தொழிற்சங்கங்கள் தேர்தல் மேடைக்குக் காட்டிய அக்கறையை ஆய்வு மேசைக்குக் காட்டவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பட்டதாரியின் எழுத்தும் சங்கத்தின் கையொப்பமும் ஒரே கடிதத்தில் சந்திக்க வேண்டியுள்ளது.

சர்வதேச அமைப்புகள் எப்போதும் எமக்குக் கைகொடுத்தன என்ற மயக்கமும் வேண்டாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1954ஆம் ஆண்டிலும் 1961ஆம் ஆண்டிலும் நாடற்றோர் தொடர்பாக ஐக்கிய நாடுகள் சபை இரு சமவாயங்களை உருவாக்கியது. இலங்கை அவ்விரண்டிலும் இணையவில்லை. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிலெடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 150,000 பேர் 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். இரு அரசுகளின் மேசையில் முடிந்த இக்கணக்கில் மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. எந்தச் சர்வதேச அமைப்பும் நடுவராக அமரவுமில்லை.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னர் காட்சி மாறியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தைத் தொடர்ந்து, அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகராலயத்தின் ஒத்துழைப்புடன் நடத்தப்பட்ட இயக்கத்தில் சுமார் 190,000 பேர் பத்தே நாட்களில் பிரஜாவுரிமை பெற்றனர். நாடற்ற நிலையை ஒழிப்பதற்கான வெற்றிகரமான முன்னுதாரணமாக அந்த அலுவலகம் உலகெங்கும் இதனை எடுத்துக்கூறி வருகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். இயக்கம் நடைபெற்ற தோட்டங்களில் வரிசையில் நின்றவர்கள் இன்னும் உயிருடன் இருக்கிறார்கள். அவர்களது வாக்குமூலங்களைப் பதிவு செய்யும் வேலை எமது மாணவர்களுக்காகக் காத்திருக்கிறது. அது நீண்ட காலம் காத்திருக்காது.

ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பொறிமுறைகளின் கதவுகள் இதைவிட அகலமானவை. சிவில், அரசியல் உரிமைகள் தொடர்பான உடன்படிக்கையையும் பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் தொடர்பான உடன்படிக்கையையும் இலங்கை 1980ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. இனப்பாகுபாட்டுக்கு எதிரான சமவாயத்தை 1982இல் ஏற்றது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. அரசாங்க அறிக்கையுடன் சிவில் சமூகத்தின் நிழல் அறிக்கையையும் அக்குழுக்கள் ஏற்றுக்கொள்கின்றன. மனித உரிமைகள் பேரவையின் அகில காலமுறை மீளாய்வுக்கு ஓர் அமைப்பு தனித்து எழுதுவதாயின் 2,815 சொற்களுக்குள் எழுத வேண்டும். ஒரு முதுமாணி மாணவரின் தவணைக் கட்டுரையும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

சிறுபான்மையினர் விவகாரங்களுக்கான விசேட அறிக்கையாளர் ரீட்டா இஷாக் 2016 ஒக்டோபரில் இலங்கை வந்தார். நவீன அடிமைத்தன வடிவங்கள் தொடர்பான விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபோகாட்டா 2021ஆம் ஆண்டின் இறுதியில் வந்தார். ஜன்னலும் முறையான சமையலறையுமற்ற சிறு இடத்தில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை வாழ்வதையும், பல குடும்பங்கள் ஒரே மலசலகூடத்தைப் பயன்படுத்துவதையும் பயண முடிவில் அவர் வெளிப்படையாகவே குறிப்பிட்டார். இத்தகைய அறிக்கையாளர்கள் ஒரு நாட்டில் தங்குவது ஒருசில நாட்களே. அந்நாட்களில் அவர்கள் முன் யார் என்ன ஆதாரத்தை வைக்கின்றனர் என்பதே அறிக்கையின் கனதியைத் தீர்மானிக்கிறது.

இப்பொறிமுறைகளின் வரம்பையும் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். தனிநபர்கள் முறையிட வழிசெய்யும் விருப்பத்துக்குரிய நெறிமுறையில் இலங்கை 1997ஆம் ஆண்டில் இணைந்தது. ஆனால் 2006ஆம் ஆண்டில் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் அந்த இணைவு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. ஜெனீவாவில் கிடைத்த தீர்மானத்துக்குப் புதுக்கடையில் உயிரில்லை என்பதே அதன் பொருள். ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையின் கதை வேறு. இருபத்தேழு சமவாயங்களின் நடைமுறையுடன் பிணைக்கப்பட்ட இச்சலுகையை 2010 ஓகஸ்டில் இழந்து 2017 மே மாதத்தில் மீளப் பெற்ற அனுபவம், எந்த இடத்தில் அழுத்தினால் அரசு செவிசாய்க்கிறது என்பதைக் காட்டியது.

சர்வதேச அமைப்புகளைக் காண ஜெனீவாவுக்குத்தான் போக வேண்டும் என்பதுமில்லை. இந்திய அரசின் நிதியில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் 4,000 வீடுகளைக் கட்டும் திட்டம் ஐ.நா. ஹெபிடாட், சர்வதேச செஞ்சிலுவை - செம்பிறைச் சங்கங்களின் சம்மேளனம் ஆகியவற்றினூடாக முன்னெடுக்கப்பட்டது. ஓர் அரசின் பணம், இன்னோர் அரசின் காணி, இடையில் ஒரு சர்வதேச அமைப்பு. சுவர் வெடித்தால் பயனாளி யாரிடம் முறையிடுவது? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. நிவாரணப் பட்டியல் தயாரிக்கப்படும்போது, காணி உறுதியில்லாத லயன் குடும்பத்தை ‘வீட்டு உரிமையாளர்’ என்ற நிரலில் எவ்வாறு எழுதுவது என்ற சிக்கல் ஒவ்வோர் அனர்த்தத்திலும் தலைதூக்குகிறது. இவற்றை ஆராய்வதற்குப் பசறை பஸ் நிலையத்திலிருந்து புறப்பட்டாலே போதும்.

வாய்ப்புகளைப் பற்றியும் கூறியாக வேண்டும். ஐக்கிய நாடுகள் தொகுதி பற்றிய கல்விசார் பேரவை என்ற ஆய்வாளர் அமைப்பு 1987 முதல் இயங்குகிறது. இளம் ஆய்வாளர்களுக்கான பயிலரங்குகளை நடத்திய வரலாறு அதற்குண்டு. ‘இன்டர்நெஷனல் ஓர்கனைசேஷன்’ என்ற ஆய்வேடு 1947 முதல் வெளிவருகிறது. நாட்டுக்குள் 1974இல் நிறுவப்பட்ட பண்டாரநாயக்க சர்வதேச கற்கைகள் நிலையம் உள்ளது. கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் சர்வதேச உறவுகள் கற்பிக்கப்படுகின்றன. பதுளையில் 2005இல் ஆரம்பிக்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டக்கற்கை உண்டு. தேயிலையைப் பறிக்கும் கையைப் பற்றிய சர்வதேசச் சட்டத்துக்கு அங்கு ஒரு சிறு சான்றிதழ் கற்கையாவது தொடங்கப்படலாகாதா?

உள்ளகப் பயிற்சிகளின் நிலை வேதனைக்குரியது. ஐக்கிய நாடுகள் செயலகம் தனது பயிலுநர்களுக்குக் கொடுப்பனவு வழங்குவதில்லை. 2015ஆம் ஆண்டில் நியூசிலாந்து இளைஞர் ஒருவர் ஜெனீவாவில் வாடகை கொடுக்க வழியின்றிக் கூடாரத்தில் தங்கிப் பயிற்சி பெற்ற செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. நியூசிலாந்து இளைஞரின் கதியே இதுவாயின், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளத்தில் வளர்ந்த பிள்ளையின் கதி என்ன? சர்வதேச தொழில் ஸ்தாபனம், யுனிசெப், உலக சுகாதார ஸ்தாபனம் போன்றவை கொடுப்பனவு வழங்குகின்றன. விண்ணப்பிப்போர் முதலில் இவற்றை நாடுவது நன்று. 2025இல் ஏற்பட்ட நிதி நெருக்கடியால் ஐ.நா. அமைப்புகள் பெருமளவில் ஆட்குறைப்புச் செய்துள்ளமையையும் மறக்கலாகாது. தொழிலை மட்டும் எண்ணி இத்துறைக்கு வருபவர் ஏமாற இடமுண்டு.

மொழியும் ஒரு தடை. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு உத்தியோகபூர்வ மொழிகளில் தமிழ் இல்லை. விசேட அறிக்கையாளர் எமது மக்களைப் பற்றி எழுதியதை அம்மக்கள் வாசிக்க முடியாதிருக்கிறது. 110ஆம் இலக்கச் சமவாயத்தின் வீடமைப்பு, பிரசவப் பாதுகாப்புப் பகுதிகளையேனும் தோட்டத் தலைவருக்கு விளங்கும் தமிழில் தருவது, இரு மாணவர்கள் ஒரு விடுமுறையில் முடிக்கக்கூடிய வேலை. கோணக்கலையிலோ எல்டெப்பிலோ உள்ள ஒரு வாசிகசாலையில் அதனை வைக்கலாம். மாதாந்தச் சங்கக் கூட்டத்தில் அரைமணி நேரம் வாசிக்கலாம்.

தொழிற்சங்கங்களின் அவதானங்கள் அவ்வாண்டு அமர்வில் கவனத்திற் கொள்ளப்பட வேண்டுமாயின் செப்டெம்பர் முதலாம் திகதிக்கு முன்னர் ஜெனீவாவைச் சென்றடைய வேண்டும். அரசாங்க அறிக்கையின் பிரதி எப்போது கிடைத்தது, அதற்கு யார் பதிலெழுதினார் என்று தமது தோட்டக் கமிட்டியின் தலைவரிடம் கேட்பதிலிருந்து ஒரு பட்டதாரி தனது ஆய்வைத் தொடங்கலாம்.