நான்கு சக்கரமும் இழுத்தால் கார் வழுக்காதா?

ஐப்பசி மழையில் இளம்பிள்ளைப் பக்கம் சென்றிருக்கிறீர்களா? சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் புறப்படும் கார் ஒன்று, எதிரே வரும் பேருந்துக்கு வழிவிடுவதற்காகச் சாலையோரம் ஒதுங்குகிறது. முன்சக்கரங்களில் ஒன்று தார்மேல் நிற்கிறது; மற்றொன்று சேற்றில் இறங்கிவிட்டது. ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். சேற்றில் உள்ள சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றிச் சேற்றை வாரியடிக்கிறது. தார்மேல் உள்ள சக்கரமோ அசைய மறுக்கிறது! பிடிப்புள்ள சக்கரம் சும்மா இருக்க, பிடிப்பில்லாத சக்கரம் மட்டும் ஏன் இப்படிச் சுற்றவேண்டும்?

காரணம், டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பு. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டும். அதற்கு இடம் கொடுத்து, இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையை இது பங்கிடுகிறது. மாட்டு வண்டியின் நுகத்தடியை நினைத்துப் பாருங்கள். ஒரு மாடு கால் வழுக்கி இழுக்க முடியாமல் நின்றால், மற்ற மாடு எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் நுகத்தடிதான் ஒரு பக்கம் திரும்புமே தவிர, வண்டி நகராது. இளைத்த மாடு இழுக்கும் அளவே மற்ற மாட்டின் பலமும் வண்டிக்கு வந்து சேரும். காரிலும் இதே கதைதான்.

பின்சக்கரங்களையும் இழுக்க வைத்தால் என்ன? ஒரு சிறு கணக்குப் போடுவோம். சக்கரம் சாலையைப் பிடிக்கும் விசை, அதன்மேல் அழுந்தும் எடையை உராய்வுக் கெழுவால் பெருக்கினால் கிடைக்கும். இந்தக் கெழு உலர்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 0.7, நனைந்த சாலையில் 0.4, இறுகிய வெண்பனியில் 0.2. (மார்கழிக் காலையில் நாம் காணும் பனியன்று, இமயத்தில் பஞ்சுபோல் விழுந்து தரையை மூடுகிறதே, அந்தப் பனி.) நம் கார் 1,000 கிலோ என்றும், அதில் 600 கிலோ முன்சக்கரங்கள்மேல் அழுந்துகிறது என்றும் கொள்வோம். வெண்பனியில் முன்சக்கரங்கள் மட்டும் இழுத்தால் 120 கிலோ எடைக்குச் சமமான விசையே கிடைக்கும். 100 அடி போனால் 12 அடி உயரும் மேட்டைத்தான் அந்தக் கார் ஏறும். உண்மையில் அதுவும் இயலாது. மேட்டில் எடை பின்பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா? நான்கு சக்கரங்களும் இழுத்தால் 200 கிலோ. 20 அடி மேட்டையும் ஏறலாம்.

ஜிம்கானாக்களுக்கோ பந்தயங்களுக்கோ அல்ல, மின்கம்பிகளுக்காகத்தான் ஜப்பானில் இந்த எண்ணம் சிறு காருக்குள் நுழைந்தது. பனி மூடிய மலைகளில் பணியாற்ற, ஜீப்பைவிட வசதியான வண்டி வேண்டுமென்று தோஹோகு மின்சார நிறுவனம் கேட்டது. அதன் விளைவாக உருவாகி, 1972இல் விற்பனைக்கு வந்தது சுபாரு லியோனின் நான்கு சக்கர இயக்க வகை. 1983இல் இத்தாலியின் சின்னஞ்சிறு ஃபியட் பாண்டாவும் இந்த வரிசையில் சேர்ந்தது.

நம் நாட்டில் 1985இல் வந்த மாருதி ஜிப்சியிலும், 2023இல் வந்த ஜிம்னியிலும் இதற்கென்று தனி நெம்புகோல் உண்டு. வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம். ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் போடக்கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் ஓடுகின்றன. இரண்டையும் இறுக்கிப் பிணைத்துவிட்டால் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். சேற்றிலோ பனியிலோ சக்கரம் சற்று வழுக்கி அந்த முறுக்கைத் தளர்த்திவிடும். தார்ச்சாலை அதற்கு இடம் தராது. வேறு சில கார்களில் சிலிக்கோன் திரவத்தில் மூழ்கிய மெல்லிய தட்டுகள் உள்ளன. முன்சக்கரம் வழுக்கி வேகமாகச் சுற்றினால், இடையிலுள்ள பிசுபிசுப்பான திரவம் பின்சக்கரத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். 2022இல் வந்த கிராண்ட் விட்டாராவின் ஒரு வகையில் மின்னணுக் கருவியே இதைக் கவனித்துக்கொள்கிறது. இப்போது பல கார்களில், வீணாகச் சுற்றும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் கருவி தானே அழுத்தும். இளைத்த மாட்டுக்கு ஒரு முட்டுக் கொடுப்பதுபோல! அப்போது மறுபக்கச் சக்கரத்துக்கும் விசை கிடைத்துவிடும்.

இனிதான் கவனிக்கவேண்டிய இடம். ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. மழையில் நான்கு சக்கர இயக்கத்தோடு சிரமமின்றி மேலே போய்விட்டீர்கள். இறங்கும்போது? பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. நிறுத்துவதில் உங்கள் காருக்குத் தனிச் சலுகை ஏதுமில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழுதும் அழுத்தினால், சமதளத்தில் உலர்ந்த சாலையில் 9 மீட்டரில் கார் நிற்கும். நனைந்த சாலையில் 16 மீட்டர். பத்துக்கு ஒன்று என்ற இறக்கத்தில், மழையில் 21 மீட்டர். அதே இறக்கம் வெண்பனியால் மூடியிருந்தால் 63 மீட்டர்! பனி பெய்யும் நாட்களில் மணாலிக்கு மேலே நான்கு சக்கர இயக்க வண்டிகளை மட்டும் அனுமதிப்பது உண்டு. அவையும் அங்கே சறுக்கத்தான் செய்கின்றன. எளிதாக ஏறிவிட்டதால், சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதே ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. இது ஒரு பெரிய ஆபத்து என்றே எனக்குத் தோன்றுகிறது.

சமவெளியிலும் அப்படியே. காக்காபாளையத்தில் நெடுஞ்சாலை ஏறியதும் வேகம் கூடும். சாலையில் நீர் தேங்கியிருந்தால், டயர் அதைப் பிதுக்கி வெளியேற்ற நேரமின்றி நீர்மேல் மிதக்கத் தொடங்கும். வரிகள் தேய்ந்து 30 பவுண்டு காற்று உள்ள டயருக்கு இது ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில் நேரும். காற்று குறைந்தால் இன்னும் முன்னதாகவே. மிதக்கும் சக்கரம் இரண்டானால் என்ன, நான்கானால் என்ன? டயரின் வரி ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று சட்டம் சொல்வது இதனால்தான். கோடைக்குப் பின் வரும் முதல் மழையின் முதல் சில நிமிடங்களும் பொல்லாதவை. சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் குழைந்து மெழுகுபோல் ஆகிவிடும்.

இறக்கத்தில் நான்கு சக்கர இயக்கத்துக்கு ஒரே ஓர் அனுகூலம் உண்டு. தாழ்ந்த கியரில் எஞ்சின் தரும் தடை இரண்டு சக்கரங்களில் மட்டும் விழாமல் நான்கிலும் பரவுகிறது. ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று வழுக்குவது குறையும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இரண்டு சக்கரம் இழுக்கும் காருக்கும் பொருந்தும்.