கேமரா பேட்டரி: குளிரும் போலியும்

லடாக்கின் பாங்காங் ஏரிக்கரையில் விடியலுக்காகக் காத்திருப்பவரின் கேமராவில், முதல் நாள் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி சிவப்பு காட்டுவது சாதாரணம். ஏரி இருப்பது 4,200 மீட்டருக்கும் மேலே; சீசன் முடிகிற நேரத்தில் அங்கே இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். லித்தியம் அயான் பேட்டரிக்குள் அயனிகள் ஒரு திரவத்தின் வழியாகத்தான் நகர்கின்றன. குளிரில் திரவம் குழைந்து தடிக்க, ஓட்டம் மந்தமாகி வோல்டேஜ் சரிகிறது. கேமராவோ சார்ஜ் தீர்ந்துவிட்டதாக எண்ணி அணைந்துவிடுகிறது. பேட்டரியைக் கழற்றிச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் சிறிது நேரம் வைத்திருந்தால், போனதில் பெரும்பகுதி திரும்பிவிடும். மலைப் பயணத்தில் இரண்டு பேட்டரிகளை மாற்றி மாற்றிப் போடுவது அதனால்தான்.

சார்ஜ் ஏற்றுவதில் இந்த விளையாட்டு நடக்காது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியில் சார்ஜ் ஏற்றினால், லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன்மேல் உலோகமாகப் படிகிறது. அப்படி இழந்த கொள்ளளவு மீளாது. உள்ளுக்குள் ஷார்ட் ஆகும் அபாயமும் உண்டு. அறைக்குத் திரும்பி, பேட்டரி சூடு பிடித்த பிறகுதான் சார்ஜரில் போட வேண்டும்.

மிரர்லெஸ் கேமராவில் சென்சாரும் திரையும் ஓயாமல் இயங்குவதால், பழைய டி.எஸ்.எல்.ஆரைவிட வேகமாகச் சார்ஜ் இறங்கும். அதற்கு மூன்று பேட்டரி இருந்தால் நிம்மதி. பவர் பேங்க் போதும் என்போரும் உண்டு. கேமராவோடு கேபிளையும் தொங்கவிட்டுக்கொண்டு மலையேறத் தயாரானால் அதுவும் ஒரு வழிதான்.

பென்சில் பேட்டரி போடும் கேமராவும் ஃபிளாஷும் வைத்திருப்பவர்களுக்கு எந்தப் பெட்டிக்கடையும் துணை. ஆனால் அங்கே கிடைக்கும் ஆல்கலைன் 1.5 வோல்ட் என்றாலும், கேமரா கேட்கும் வேகத்துக்கு மின்சாரம் தர முடியாமல் சீக்கிரம் சோர்ந்துவிடும். 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள், அதைவிட அதிகப் படம் தாங்கும்.

விமானத்தில் உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி டேப் ஒட்டியோ உறையிலிட்டோ வைக்க வேண்டும். 100 வாட்-மணிக்கு உட்பட்டவற்றுக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. 7.2 வோல்ட், 2,000 எம்.ஏ.எச். கேமரா பேட்டரி 14.4 வாட்-மணிதான்.

உண்மையான கவலை விலை மலிந்த போலிகள். அசல் பேட்டரியின் அதே அளவுக் கூட்டுக்குள் இருமடங்கு எம்.ஏ.எச். என்று லேபிள் சொன்னால், அது லேபிளில் மட்டுமே இருக்கும். கையில் எடுத்தாலே பல போலிகள் இலேசாக இருக்கும். பல கேமரா பேட்டரிகளில் ப்ளஸ், மைனஸ் தவிர வெப்பத்தைச் சார்ஜருக்குத் தெரிவிக்கும் முனையும் ஒன்று உண்டு. அதன் பின்னால் இருக்க வேண்டிய வெப்ப உணரிக்குப் பதிலாக நிலையான ஒரு ரெசிஸ்டரைச் சொருகிவிட்டால், பேட்டரி கொதித்தாலும் சார்ஜருக்குத் தெரியாது. மீதியளவைச் சொல்லும் சிப்பிலும் சிக்கனம் பார்த்திருந்தால், பாதி இருப்பதாகக் காட்டிக்கொண்டே திடீரென்று அணையும். வேறு கம்பெனிகளின் நல்ல தயாரிப்புகளும் சந்தையில் உண்டு என்பது உண்மையே. ஆனால் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று எது எதுவென்று பிரித்தறிவது யாருக்கும் எளிதல்ல. புதிதாக வாங்கியதைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே சில தடவை ஏற்றி இறக்கி, எத்தனை படம் தாங்குகிறது, எவ்வளவு சூடாகிறது என்று பார்த்துவிடலாம்.

மட்டமான பேட்டரி சில மாதங்களில் உப்பி, கேமராவின் அறைக்குள்ளேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. அதைக் குத்தவோ மீண்டும் சார்ஜ் ஏற்றவோ கூடாது. சேதமடைந்த பேட்டரிக்கு விமானத்தில் இடமில்லை என்பதால், கேமராவோடு அது ஊர் திரும்பவும் வழியில்லை.